பன்னிரண்டா, பதினெட்டா?

படகுக்குள் ஏறி நடுவில் கால் வைத்ததும் பலகை சத்தமே இல்லாமல் அமுங்கியது. தேநீரில் ஊறிய ரொட்டியை விரலால் அழுத்தியது போல இருந்தது. ஓரத்தில் ஸ்க்ரூ டிரைவரைக் குத்திப் பார்த்தேன். கைப்பிடி வரை இறங்கியது. மேலே பூசிய பச்சைச் சாயம் மட்டும் புதிது போலப் பளபளத்தது.

12 அடி நீள அலுமினியப் படகு அது. பக்கத்து வீட்டுப் பெரியவருடையது. தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். வாரத்துக்கு ஒரு நாளாவது தூண்டிலோடு தண்ணீரில் இருந்தால்தான் அவருக்கு உடம்பு சரியாக இருக்கும். பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் படகை இறக்குவார். லாரி கிடைத்தால் கோலசிலாங்கூர் வரைக்கும் ஏற்றிப் போய் ஆற்று இறால் பிடித்து வருவார். "தளம் மாத்தணும் தம்பி. பிளைவுட் எத்தன மில்லி போடலாம்?" என்று கேட்டார். எளிய கேள்வி போலத் தெரிந்தது. பதில் தேடியபோதுதான் அதற்குள் இவ்வளவு அறிவியல் இருப்பது தெரிந்தது.

நாங்கள் இருப்பது அம்பாங் பெச்சா. மலேசியாவில், கோலகுபு பாருவுக்குப் பக்கத்து ஊர். மலாய் மொழியில் அம்பாங் என்றால் அணை, பெச்சா என்றால் உடைந்தது. ஈயம் அலசத் தண்ணீர் தேக்கிய பழைய அணை 1883 அக்டோபரில் உடைந்து, அன்றைய கோலகுபு நகரத்தை வாரிக்கொண்டு போனது. மாவட்ட ஆங்கிலேய அதிகாரி செசில் ராங்கிங்கும் அதில் மாண்டார். ஆற்றில் வாழ்ந்த வெள்ளை முதலையை அவர் சுட்டதால்தான் அணை உடைந்தது என்ற கதையை இங்கே இன்றும் கேட்கலாம். அதன் பிறகும் வெள்ளமும் சுரங்க மண்ணும் விடாமல் வந்து மூடியதால், 1930களில் நகரமே மேட்டுக்கு இடம் மாறிக் கோலகுபு பாரு ஆனது. பெயரிலேயே தண்ணீரின் வேலையைச் சுமக்கிற ஊரில் இருந்துகொண்டு, ஒரு பலகைக்குள் தண்ணீர் எப்படிப் புகுந்தது என்று பார்க்காமல் விட மனம் வரவில்லை.

பெரியவர் கேட்ட கேள்விக்கு ஒரே நாளில் மூன்று பதில் வந்தது. தேநீர்க் கடையில் ஒருவர், "பதினெட்டு போட்டுடுங்க, யானை ஏறுனாலும் அசையாது" என்றார். இன்னொருவர், "ஒம்போது போதும்ணே, படகு கனத்துப் போனா மோட்டார் இழுக்காது" என்றார். ஹார்ட்வேர் கடையில், "எல்லாரும் பன்னிரண்டுதான் எடுக்குறாங்க" என்றார்கள். மூவரும் தவறாகச் சொல்லவில்லை. ஒவ்வொருவர் மனத்திலும் ஒவ்வொரு படகு இருந்தது. அந்தப் படகின் அடியில் சட்டங்கள் எத்தனை தூரத்துக்கு ஒன்றாக இருக்கின்றன என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை.

பழைய பலகையைப் பெயர்த்து எடுத்தோம். கீழே படகின் வயிற்றில் குறுக்காக அலுமினியச் சட்டங்கள், மனிதனின் விலா எலும்புகள் போல. தமிழ்நாட்டுக் கடற்கரையில் இதை வங்கு என்பார்கள். டேப் வைத்து அளந்தேன். ஒரு சட்டத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 40 செ.மீ. இந்த எண் கிடைத்ததும் பாதி வேலை முடிந்தது.

வீட்டில் ஒரு பிளாஸ்டிக் அடிக்கோல் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். மேசை விளிம்பில் கோலை வைத்து ஒரு முனையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, 10 செ.மீ. மட்டும் வெளியே நீட்டி நுனியில் ஒரு சிறு எடையைத் தொங்கவிடுங்கள். நுனி கொஞ்சம் தாழும். இப்போது 20 செ.மீ. நீட்டி அதே எடையைத் தொங்கவிடுங்கள். நீளம் இரண்டு மடங்குதான். ஆனால் நுனி எட்டு மடங்கு தாழும். வளைவு நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். இரண்டை மூன்று முறை பெருக்கினால் எட்டு.

தடிமனிலும் இதே கணக்குதான், திசை மட்டும் எதிர். பலகையின் தடிமனை இரண்டு மடங்காக்கினால் வளைவு எட்டில் ஒரு பங்காகக் குறையும். காரணம் இது: பலகையை மேலிருந்து மிதிக்கும்போது அதன் மேற்பரப்பு இழைகள் நெருக்கப்படுகின்றன, அடிப்பரப்பு இழைகள் இழுபடுகின்றன, நடுவில் இருப்பவை பெரும்பாலும் சும்மா இருக்கின்றன. மேலும் கீழும் உள்ள இழைகள் ஒன்றை விட்டு ஒன்று எவ்வளவு விலகி நிற்கின்றனவோ அவ்வளவுக்கு வளைவை எதிர்க்கும் பிடி கிடைக்கும்.

80 கிலோ எடையுள்ள ஒருவர் இரண்டு சட்டங்களுக்கு நடுவே சரியாக மையத்தில் நிற்பதாக வைத்துக் கணக்குப் போட்டேன். சுமையை ஓர் அடி அகலப் பலகை தாங்குகிறது என்றும், நல்ல பிளைவுட்டுக்குரிய விறைப்பு இருக்கிறது என்றும் கொண்டேன். 40 செ.மீ. இடைவெளியில் 9 மி.மீ. பலகை ஏறத்தாழ 9.5 மி.மீ. தொய்யும். 12 மி.மீ. பலகை 4 மி.மீ. தொய்யும். 15 என்றால் 2 மி.மீ.; 18 என்றால் 1.2 மி.மீ. தான். ஒரே பலகை பல சட்டங்களின் மீது தொடர்ந்து போகும்போது உண்மையான தொய்வு இதைவிடக் குறையும். அலையில் படகு தூக்கிப் போடும்போது, சட்டென்று விழும் சுமை இதைக் குறைந்தது இரண்டு மடங்காக்கும். ஆகவே இந்த எண்களை வேதமாகக் கொள்ள வேண்டாம். ஒன்றோடொன்று ஒப்பிடப் பயன்படுத்துங்கள்.

ஒப்பிடும்போதுதான் விஷயம் துலங்குகிறது. 12 மி.மீ. பலகை 40 செ.மீ. இடைவெளியில் எவ்வளவு தொய்கிறதோ, அதே அளவுதான் 18 மி.மீ. பலகை 60 செ.மீ. இடைவெளியில் தொய்யும், 9 மி.மீ. பலகை 30 செ.மீ. இடைவெளியிலும் அதே. தடிமனும் இடைவெளியும் ஒரே விகிதத்தில் கூடினால் காலுக்குக் கிடைக்கும் உணர்வு ஒன்றுதான். இந்த மூன்றிலும் இடைவெளியைத் தடிமனால் வகுத்தால் 33 வருகிறது. என்னைக் கேட்டால், சட்ட இடைவெளியை மில்லிமீட்டரில் எழுதி 33-ஆல் வகுத்துப் பார்ப்பதே நல்ல தொடக்கம். 400-ஐ வகுத்தால் 12. 500-ஐ வகுத்தால் 15.

ஆனால் 9-க்குக் கீழே போகக் கூடாது. தொய்வு ஒன்றாக இருந்தாலும், 30 செ.மீ. இடைவெளியில் கிடக்கும் 9 மி.மீ. பலகையின் இழைகள், 60 செ.மீ. இடைவெளியில் கிடக்கும் 18 மி.மீ. பலகையின் இழைகளைவிட இரண்டு மடங்கு இழுபடும். நங்கூரத்தைக் கையிலிருந்து நழுவவிட்டால் மெல்லிய பலகைதான் முதலில் பிளக்கும். திருகாணிக்கும் மெல்லிய பலகையில் பிடிமானம் குறைவு. நெருக்கமாகச் சட்டம் உள்ள படகிலும் நான் 12 போடத்தான் சொல்வேன்.

அப்படியானால் கையில் காசு இருக்கும்போது 18 போட்டுவிட்டால் என்ன? எடைதான் தடை. நாலுக்கு எட்டு அடிப் பலகை ஒன்று, 12 மி.மீ. தடிமனில் ஏறத்தாழ 20 கிலோ, 18 மி.மீ. தடிமனில் 29, 30 கிலோ. வித்தியாசம் 10 கிலோ. அந்தப் பத்துக் கிலோவுக்கு 13 லிட்டர் பெட்ரோல் ஏற்றலாம். பெரியவரின் சின்ன மோட்டாருக்கு 13 லிட்டர் என்பது பெரிய விஷயம். கரையில் படகை இழுத்து ஏற்றும் முதுகுக்கும் அந்தப் பத்துக் கிலோ தெரியும்.

60 செ.மீ. இடைவெளியில் சட்டம் உள்ள படகு வைத்திருப்பவருக்கு இன்னொரு வழி இருக்கிறது. பலகையைத் தடிமனாக்குவதற்குப் பதில் இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஓர் அலுமினிய எல்-கோணத்தைக் கூடுதலாக வைக்கலாம். 40 மி.மீ. அகலமும் 3 மி.மீ. தடிமனும் கொண்ட கோணம், ஒரு மீட்டர் நீளத்துக்கு முக்கால் கிலோகூட வராது. அதன் நடுப்பகுதி படகின் அடித்தகட்டில் ஊன்றும்படி ஒரு தாங்கு கொடுக்க வேண்டும்; இல்லையென்றால் கோணமே தொய்யும். இடைவெளி பாதியானால் தொய்வு எட்டில் ஒன்றாகும் என்று அடிக்கோல் சொன்னது நினைவிருக்கும். முக்கால் கிலோ அலுமினியம் செய்யும் இந்த வேலையை, பலகையைத் தடிமனாக்கி வாங்க வேண்டுமென்றால் தடிமனை இரட்டிப்பாக்க வேண்டும்.

பெரியவர் நடுவில் ஒரு யோசனை சொன்னார். "வீட்டுல ஆறு மில்லி ரெண்டு கெடக்கு. ஒண்ணு மேல ஒண்ணு போட்டா பன்னிரண்டு ஆயிடும்ல?" பலர் செய்கிற காரியம் இது. பழைய பலகை மெத்தென்று ஆனதும் அதன் மேலேயே புதிதாக ஒன்றை அறைந்துவிடுவார்கள். கணக்கு அப்படி வராது. ஒரு செய்தித்தாள் கட்டை வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும், தாள்கள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கும். அதே கட்டின் தாள்களைப் பசை பூசி ஒட்டிக் காயவிட்டால் மரக்கட்டை போல விறைத்து நிற்கும். ஒட்டாத இரண்டு 6 மி.மீ. பலகைகள் சேர்ந்து தரும் விறைப்பு, ஒரே 12 மி.மீ. பலகையின் விறைப்பில் கால் பங்குதான். நடுவில் தண்ணீர் தங்கி அழுகுவது தனிக் கணக்கு.

பிளைவுட் என்பதே இந்த ஒட்டுதலின் மகிமைதான். பால்மரம் சீவியவர்களுக்கு அதன் தயாரிப்பை விளக்குவது எளிது. கத்தியை மரத்தைச் சுற்றி நடத்திப் பட்டையை மெல்லிய நாடாவாக எடுப்பார்களே, அதைப்போல ஆலையில் கத்தி அசையாமல் நிற்க, மெராந்தி போன்ற மரத்தின் முழுத் தண்டே சுழன்றுகொண்டு ஏடாக உரிந்து வரும். இந்நாட்டின் பிளைவுட் ஆலைகளில் பெரும்பாலானவை சபாவிலும் சரவாக்கிலும் இருக்கின்றன. உரித்த ஏடுகளை ஒன்றின் நார் நீளவாக்கில், அடுத்ததன் நார் குறுக்குவாக்கில் என்று மாற்றி மாற்றி அடுக்கிப் பசையிட்டுச் சூட்டில் அழுத்துகிறார்கள். மரம் ஈரத்தில் ஊதும்போது நாருக்குக் குறுக்கேதான் ஊதும். நாரின் நீளத்தில் அசைவு மிகவும் சொற்பம். மாற்றி அடுக்கும்போது ஒவ்வோர் ஏடும் பக்கத்து ஏட்டை ஊதவிடாமல் பிடித்துக்கொள்கிறது. பலகை வெடிக்காமல் இருப்பதற்குக் காரணம் இந்தப் பிடிதான்.

ஆனால் இதிலிருந்து பலர் ஒரு தவறான முடிவுக்கு வருகிறார்கள்: பிளைவுட்டை எப்படித் திருப்பிப் போட்டாலும் பலம் ஒன்றுதான் என்று. ஐந்து ஏடுகள் கொண்ட 12 மி.மீ. பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல், மூன்றாம், ஐந்தாம் ஏடுகளின் நார் ஒரு திசையில். இரண்டாம், நான்காம் ஏடுகள் குறுக்கே. வளைவை எதிர்ப்பதில் வெளி ஏடுகளுக்குத்தான் பிடி அதிகம் என்பதால், மேல் ஏட்டின் நார் ஓடும் திசையில் பலகை மற்றத் திசையைவிட மூன்று மடங்குக்கு மேல் விறைப்பாக இருக்கும். கடையில் விற்கும் பலகையில் பெரும்பாலும் அந்த நார் எட்டடி நீளத்தில் ஓடும். சட்டங்கள் படகின் குறுக்கே இருப்பதால், பலகையின் நார் ஒரு சட்டத்திலிருந்து அடுத்த சட்டத்துக்குப் பாலம் போட வேண்டும். அதாவது படகின் முகப்பிலிருந்து பின்புறம் நோக்கி ஓட வேண்டும்.

நாங்கள் பெயர்த்தெடுத்த பழைய பலகையின் சாயத்தைச் சுரண்டிப் பார்த்தேன். நார் குறுக்கே ஓடியது. முன்பு தளம் போட்டவர் பலகை வீணாகாமல் இருக்கத் துண்டுகளைக் குறுக்கே திருப்பி வெட்டியிருக்கிறார். சட்டத்துக்கு இணையாக ஓடும் நாரால் சட்டங்களுக்கு நடுவே எதையும் தாங்க முடியாது. நல்ல 12 மி.மீ. பலகை வாங்கி, 8 மி.மீ. பலகையின் விறைப்போடு இத்தனை நாள் மிதித்திருக்கிறார் பெரியவர். மிதிக்க மிதிக்கத் திருகாணித் துளைகள் அகன்றன. அகன்ற துளை வழியாகத் தண்ணீர் இறங்கியது.

பசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அலமாரிக்கு விற்கும் சாதாரணப் பிளைவுட்டில் பெரும்பாலும் யூரியா-பார்மால்டிஹைடு பசை இருக்கும். ஈரமும் சூடும் சேர்ந்தால் அந்தப் பசையின் மூலக்கூறுப் பிணைப்புகள் தண்ணீராலேயே உடையும். படகுக்கு வேண்டியது பீனால்-பார்மால்டிஹைடு பசை. லியோ பேக்கலாந்து 1907-இல் கண்டுபிடித்த பேக்கலைட்டின் உறவுக்காரப் பசை இது. வெட்டிய விளிம்பில் கரும்பழுப்புக் கோடுகளாகத் தெரியும். 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பிரியாமல் இருக்க வேண்டும் என்பது இத்தகைய பசைக்கு வைக்கப்பட்ட சோதனை. வீட்டில் அவ்வளவு எரிவாயு செலவழிக்க வேண்டாம். கடையில் ஒரு சிறு துண்டு கேட்டு வாங்கி, பழைய சட்டியில் இரண்டு மணி நேரம் கொதிக்க விடுங்கள். அலமாரிப் பலகை புத்தகம் போல விரிந்துவிடும்.

மரைன் பிளைவுட் என்ற முத்திரையை மட்டும் நம்பவும் கூடாது. பிஎஸ் 1088 என்ற பிரிட்டிஷ் தரம் பசையோடு நிற்பதில்லை; உள் ஏடுகளில் இடைவெளி இருக்கக் கூடாது, நல்ல மரமாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. விளிம்பை வெயிலில் பிடித்துப் பாருங்கள். ஏடுகளுக்கு நடுவே கறுப்பு ஓட்டைகள் தெரிந்தால் அந்தப் பலகையை வைத்துவிட்டு அடுத்ததைத் தூக்குங்கள். ஓட்டை ஒவ்வொன்றும் தண்ணீர் தங்கும் தொட்டி; கால் மிதிக்கும் இடத்தில் அமைந்தால் முதலில் உடையும் இடமும் அதுதான். கட்டட வேலைக்குக் கான்கிரீட் அச்சாகப் பயன்படும், மேலே பழுப்புப் பூச்சுப் பூசிய பலகையைச் சிலர் போடுகிறார்கள். பசை நன்றாகவே இருக்கும். ஆனால் நனைந்தால் பாசி பிடித்த கல் போல வழுக்கும். எழுபதை நெருங்கும் ஒருவரின் படகில் அதைப் போட எனக்குத் துணிவில்லை.

நல்ல பசையும் நல்ல ஏடும் சேர்ந்தால் பிளைவுட் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம்மவர் கடற்கரையே சாட்சி. கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில், 1980களின் தொடக்கத்தில், பியேர் ஜிலே என்ற பெல்ஜியப் பொறியாளர் உள்ளூர் மீனவர்களோடு சேர்ந்து பிளைவுட் வள்ளங்கள் கட்டினார். கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் ஏற்ற பெருமரங்கள் அரிதாகிவந்த காலம் அது. பலகைகளை ஒன்றோடொன்று தைத்து, மூட்டுகளில் கண்ணாடி இழையும் பிசினும் இட்டு இறுக்கும் முறை. அலை நேரே வந்து அறையும் அந்தக் கடலில், தரையிறங்கும்போது மணலில் மோதும் அடியையும் வாங்கிக்கொண்டு அந்த வள்ளங்கள் மீன் பிடித்தன. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு பின்னர் தன் பட்டறைகளில் இவற்றைத் தொடர்ந்து கட்டியது. கடலின் உப்புக்கும் அடிக்கும் நின்ற பொருள், ஈயக் குட்டையில் ஏன் நாலைந்து வருடத்தில் ஊறிப்போகிறது?

விடை விளிம்பில் இருக்கிறது. மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து இலைக்கு நீர் ஏற்றிய நுண்குழாய்கள் இன்னும் அதற்குள் இருக்கின்றன. பலகையின் முகப்பில் அந்தக் குழாய்கள் படுத்துக் கிடக்கின்றன; வெட்டிய விளிம்பிலும் திருகாணித் துளையிலும் அவை வாய் திறந்து நிற்கின்றன. முகப்பில் மூன்று முறை சாயம் பூசிவிட்டு விளிம்பை அப்படியே விடுவது, கூரையை மூடிவிட்டுக் கதவைத் திறந்து வைத்தது போல. மரத்தின் ஈரம் அதன் எடையில் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும் வரை அழுக வைக்கும் பூஞ்சையால் அதைத் தொட முடியாது. இங்குள்ள காற்றின் ஈரத்திலேயே பலகை அந்த எல்லைக்கு வெகு அருகில் நிற்கிறது. கொஞ்சம் தண்ணீர் தேங்கினால் போதும். மேலே கம்பளம் விரித்திருந்தால் இன்னும் விரைவு; கம்பளம் வெயிலைத் தடுத்து ஈரத்தைக் காத்து வைக்கும்.

பலகையைத் தூக்கியபோது சட்டங்களின் மேல் விபூதி பூசியது போல வெள்ளைப் பொடி படிந்திருந்தது. விரலால் தேய்த்தால் அடியில் சிறு சிறு குழிகள். அலுமினியம் காற்று பட்டவுடன் தன் மேல் மெல்லிய ஆக்சைடு தோல் போர்த்திக்கொள்ளும். கீறினாலும் தோல் மறுபடி வளரும். வளரப் பிராணவாயு வேண்டும். ஈரப் பலகை மாதக்கணக்கில் அதன் மேல் அழுந்திக் கிடந்தால் அங்கே பிராணவாயு வற்றிப்போகும். உப்பும் சேர்ந்தால் தோல் ஓட்டையாகி உலோகம் கரைந்து வெள்ளைப் பொடியாகும். இங்கே மேலே ஓடும் சிலாங்கூர் ஆறு நன்னீர். அதே ஆறு கோலசிலாங்கூரில் கடலேற்றத்தோடு கலந்து உவர்ப்பாகிவிடுகிறது. இறாலுக்காகக் கீழே போன ஒவ்வொரு முறையும் தளத்துக்கு அடியில் கொஞ்சம் உப்பு வீட்டுக்கு வந்திருக்கிறது. ஈயக் குட்டைக்கு மட்டும் போகும் படகைவிட இந்தப் படகுக்கு அதிகக் கவனம் வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. "அழுகாத பலகை" என்று இளம்பச்சை நிறத்தில் மருந்து ஏற்றிய மரம் விற்கிறார்கள். வீட்டு உத்தரத்துக்கு அது நல்லது. அலுமினியப் படகுக்கு அது எமன். அந்த மருந்துகளில் பெரும்பாலும் செம்பு இருக்கிறது. ஈரத்தில் செம்பு கரைந்து வந்து அலுமினியத்தின் மேல் படியும். இரண்டு உலோகமும் நடுவில் உப்பு நீரும் என்றால் அது ஒரு மின்கலம். அந்தக் கலத்தில் கரைவது எப்போதும் அலுமினியம்தான். பலகை அழுகாமல் இருக்கும், படகின் அடி ஓட்டையாகிவிடும். பித்தளைத் திருகாணி வேண்டாம் என்பதும் இதனால்தான். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியும் வேற்று உலோகமே. ஆனால் சிறிய எஃகு, பரந்த அலுமினியம் என்பதால் சேதம் மெதுவாக நடக்கும். துளையில் சீலண்ட் வைத்துத் திருகினால் போதும்.

செம்பு பற்றி இன்னொன்றும் மனத்தை உறுத்துகிறது. சிலாங்கூர் ஆற்றங்கரையில் உள்ள கம்போங் குவந்தானில் பெரெம்பாங் மரங்களில் ஒரே தாளத்தில் மின்னும் மின்மினிகளைப் பார்க்க உலகமே வருகிறது. அந்த மின்மினியின் புழு ஆற்றங்கரைச் சேற்றில் வாழும் சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. செம்பு நத்தைக்கு நஞ்சு. அந்த ஆற்றில் மிதக்கப்போகும் படகில் செம்பு கசியும் மரத்தைப் போடாமல் இருக்க இதுவும் காரணமாக இருக்கட்டும்.

பெரியவரின் படகுக்கு 12 மி.மீ. பலகை ஒன்று வாங்கினோம். எட்டடி நீளம் படகின் நீளத்தோடு போகும்படி வெட்டினோம். ஓரத்தில் கிடைத்த துண்டுகளைத் தூக்கிப் போட அவருக்கு மனமில்லை. தூண்டில் பெட்டி செய்யக் கொடுத்தேன். திருகாணித் துளைகளை வேண்டிய அளவைவிடப் பெரிதாகப் போட்டு, எபாக்சியால் அடைத்து, காய்ந்தபின் நடுவில் சிறு துளை இட்டோம். திருகாணி இப்போது எபாக்சியைத்தான் தொடும், மரத்தைத் தொடாது. விளிம்புகளுக்கு எபாக்சி மூன்று கை. முதல் கை பூசியதும் விளிம்பு மட்டும் சற்று நேரத்தில் மறுபடி வெளிறிப்போனது. அத்தனையையும் நுண்குழாய்கள் குடித்துவிட்டன. இரண்டாம் கையில் பாதி குடித்தது. மூன்றாம் கையில்தான் பளபளப்பு நின்றது. அந்த விளிம்பைப் பார்த்தபோது பெரியவரே சொன்னார்: "தம்பி, போன தடவ இவ்வளவு தண்ணியும் உள்ள போயிருக்கு." நம் ஊர் வெயிலில் எபாக்சி சீக்கிரம் இறுகிவிடும், ஒரு தடவைக்குச் சிறு கிண்ணம் அளவே கலக்குங்கள், மதிய மழை வருவதற்கு முன் காலையிலேயே பூசுங்கள்.

சட்டங்களின் வெள்ளைப் பொடியைப் பித்தளைத் தூரிகை படாமல் நைலான் தூரிகையால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்தோம். சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே ரப்பர் நாடா ஒட்டினோம். பலகையின் பின் ஓரத்தில் இரண்டு விரல் அகலம் இடம் விட்டோம். உள்ளே இறங்கும் தண்ணீர் அடிமடை வழியாக வெளியேறவும், காற்று அடியில் போய்வரவும். கீழே மிதப்புக்காக வைத்திருந்த பழைய நுரைக்கட்டியைத் தூக்கியபோது அது ஈரத்தில் கனத்துப் போயிருந்தது, அதையும் மாற்றினோம். கம்பளம் விரிக்கவில்லை. வழுக்காமல் இருக்க, கடைசிக் கைச் சாயம் ஈரமாக இருக்கும்போதே சலித்த மணலைத் தூவினோம்.

இப்போது நடுவில் நின்றால் பலகை காலுக்குத் தெரியாத அளவுக்கே அசைகிறது. உங்கள் படகுக்கும் தளம் மாற்ற வேண்டியிருந்தால், கடைக்குப் போய் எத்தனை மில்லி என்று கேட்கும் முன் ஒரு முறை படகுக்குள் குனிந்து சட்டங்களுக்கு நடுவே அளந்துவிடுங்கள். பழைய பலகையின் சாயத்தைச் சுரண்டி நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றும் பாருங்கள். ஒரு டேப்பும் ஒரு கத்தியும் இருந்தால் பத்து நிமிட வேலை.